மெக்சிகோ பல்வரிசை

"இன்னும் இறுக்குங்க" என்றாள் வெர்னா.

பிரூவிட்டின் கை நின்றது. பிணங்களுக்கு ஒப்பனை செய்தே தலை நரைத்த மனிதர். அப்போதுதான் அவள் கணவன் லைலின் உதட்டுக்குள் நூல் ஓட்டி வாயைச் சேர்த்திருந்தார்.

"மேலுதட்ட லேசா தூக்கி விட்டா பல்லு தெரியும்மா. சிரிச்ச முகமா இருக்கும். நீங்க குடுத்த போட்டோல கூட…"

"போட்டோ நான் குடுக்கலையே."

"காலைல ஒரு அம்மா குடுத்துட்டுப் போனாங்க. டார்லீன்னு பேரு. நீங்க அனுப்பினீங்கன்னு நெனச்சேன்."

வெர்னா மேசையில் கிடந்த லைலைப் பார்த்தாள்.

"இவ்ளோ அழகான பல்ல மறைக்கணுமாம்மா?"

"தைங்க."

எல்லையோர ஊரான யூமாவில், சக்கர வீடுகள் நிற்கும் டிரெய்லர் பார்க்கில் குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வரும் கிழவர் கிழவிகளுக்கு, எல்லையை நடந்தே தாண்டி மெக்சிகோவில் மலிவாகப் பல் கட்டிக்கொண்டு வருவது காய்கறி வாங்கி வருவது மாதிரி. வெர்னாவும் லைலும் போனது அவள் பல்லுக்காகத்தான். கீழ்வரிசை மொத்தமும் போய், கழற்றி மாட்டும் செட் அவள் ஈறைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, துணைக்கு வந்தவன் வாயையும் சும்மா எட்டிப் பார்த்தார். வந்தது வினை. "என்னுத மொதல்ல முடிச்சிடலாம். உனக்கு அடுத்த குளிர்காலம்" என்று நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டான் லைல்.

தாடை எலும்பில் திருகிய ஆணி பிடிக்கும்வரை எதையும் கடிக்கக் கூடாது. மாதக்கணக்கில் உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தவள் வெர்னா. மறு குளிர்காலம் நிரந்தரப் பல் ஏறியதும் அவன் முதல் சோளக்கதிரைக் கடித்தது டார்லீனின் டிரெய்லர் வாசலில். பார்க்கே கைதட்டியது.

"என் பல்லு?" என்று கேட்டாள் வெர்னா.

"உனக்கெதுக்கு? இந்த வயசுல உன்னை யாரு பாக்கப் போறா?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. முந்தாநாள் டான்ஸ் ஹாலில், கூட ஆடிய டார்லீனைச் சுற்றிவிட்ட கையோடு லைல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு என்று ஆறுதல் சொன்னார்கள். சிரித்துக்கொண்டேயாம்! அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பிரூவிட்டின் மேசையருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மதியம் சவப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். பார்க்கே வரிசையில் வந்தது.

"அடப்பாவி லைல், உள்ள வச்சுப் பூட்டிட்டியேடா!" என்றார் எதிர் டிரெய்லர்க்காரர் பட். "அந்தப் பல்லையாவது எனக்கு எழுதி வச்சிருக்கலாம்ல?"

"உங்க வாய்க்கு அது பத்தாது, வாங்க" என்று அவர் மனைவி முழங்கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அடுத்து டார்லீன். நீலக் கவுன், புதிதாய்ச் சுருட்டிய தலைமுடி. பெட்டிக்குள் குனிந்தவள் அப்படியே நின்றாள். லைலின் உதடுகள் கத்தியால் கீறிய ஒற்றைக் கோடாக இருந்தன.

"இது லைலே இல்ல… யாரு இப்படிப் பண்ணினது? நான் போட்டோ குடுத்தேனே!"

சுவரோரம் நின்ற பிரூவிட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். வெர்னா எழுந்து வந்தாள்.

"என்ன டார்லீன்?"

"எப்பவும் சிரிச்ச முகமால்ல இருப்பாரு! கடைசியா ஒரு தடவை அதப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன், வெர்னா."

"நல்லாப் பாத்துக்குங்க. எங்க வீட்டுல அவரு எப்பவும் இப்படித்தான் இருப்பாரு."

டார்லீன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள். கதவுக்கு அப்பால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வெர்னா பெட்டிக்குள் கைநீட்டிக் கணவனின் கன்னத்தைத் தொட்டாள். தோலுக்கு அடியில் அந்தப் பல்வரிசை கல்லாகத் தட்டுப்பட்டது. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் அழுத்தினாள்.

கையை எடுத்தபோது, ஒப்பனைப் பூச்சில் அவள் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.