சந்திரவதனா வீசாத துணி

திங்கட்கிழமை காலை சந்திரவதனாவின் மேசைக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வந்தது. மெல்பேர்னுக்கு விளையாடப் போகிற இருபத்திரண்டு பேர். பத்தொன்பதாவதாக இருந்த சிறிதரனின் பெயர் பென்சிலால் வெட்டப்பட்டு, பக்கத்தில் 'விதி விளங்கவில்லை' என்று எழுதியிருந்தது. ஏழாவதாக க்ரெய்க்கின் பெயர் வெட்டுப்படாமல் இருந்தது.

அவள் தாளை இயந்திரத்தில் செருகி ஆறு பெயர்களை அடித்தாள். ஏழாவதில் கை ஓடவில்லை.

சிட்னிக்கு வந்து இரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை, பல்கலைக்கழகத்தின் பொறியியல் பகுதியில் தட்டச்சு. அங்கே விரிவுரையாளராக வந்திருந்த அமெரிக்கர் ப்ரூஸ்டர், தன் நாட்டுக் கல்லூரிகளில் ஆடும், பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் ஃபுட்போலை இங்கத்தைய மாணவர்களுக்கும் பழக்கினார். அதன் விதிகளைப் பதினான்கு பக்கத்தில் எழுதி, மூன்று தடவை திருத்தி, மூன்று தடவையும் அவளிடமே அடிக்கக் கொடுத்தார். கடைசியில், இந்த ஊரில் விதி முழுவதும் தெரிந்த ஆள் நீதான் என்று அவள் கையில் ஒரு மஞ்சள் துணியைக் கொடுத்து மைதானத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டார். கிரிக்கெட்டில் எத்தனை விக்கெட் என்றுகூடக் கேட்காதவள் நடுவராகிவிட்டாளே என்று அவள் கணவன் வரதராஜா ஒரு கிழமையாகச் சிரித்தான்.

அவளுக்கு இருந்தது ஒரே வேலை. முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஐந்து பேருக்கும் எறிந்த பந்தைப் பிடிக்கும் உரிமை இல்லை. பந்து எறியப்படும் முன் அவர்கள் பந்து வைத்த கோட்டிலிருந்து மூன்று யார் தூரத்துக்கு மேல் முன்னே போகவும் கூடாது. போனால், பந்தை எறியாமல் கையில் கொண்டு ஓடப்போகிறார்கள் என்று எதிரணி ஏமாந்துவிடும். யாராவது போனால் அவள் துணியை வீச வேண்டும். அந்த எறிதல் செல்லாது.

சிறிதரன் அவளுடைய சித்தியின் மகன். மாணவர் விடுதியில் ஒரு வருடமாக யாரோடும் ஒட்டாமல் இருந்தவனை, உடம்பைப் பார்த்து அணியில் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் சாப்பாட்டு மேசையில் அவனுக்கென்று ஒரு கதிரை பிடித்து வைக்கத் தொடங்கினார்கள். அதை அவன் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்!

மெல்பேர்னுக்கு ஆள் தெரிய, மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து வைத்த சனிக்கிழமை ஆட்டத்தில், சிறிதரனுக்கு எதிரணியின் க்ரெய்க் இரண்டு தடவை தெளிவாக முன்னே போனான். இரண்டாம் தடவை அவர்களுக்குப் புள்ளியும் கிடைத்தது. துணி அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது. கடைசி நிமிடத்தில் சிறிதரனின் அணி எறிந்து வெற்றிப் புள்ளியை எடுத்தபோது, சிறிதரன் முன்னே போயிருந்தான். சத்தம் எழும்பும் முன்பே துணி புல்லில் கிடந்தது. அவ்வளவு விரைவாகத் தன் கை போகும் என்று அவளே நினைக்கவில்லை. நேர்மையான பெண் என்று ப்ரூஸ்டர் அவள் தோளில் தட்டினார். அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது. அதனால்தான் இப்போது ஏழாவது பெயரில் கை நின்றது.

திங்கட்கிழமை பின்னேரம் சிறிதரன் அவள் வீட்டுக்கு வந்தான். வரதராஜா வேலை முடிந்து வந்திருக்கவில்லை. குசினி வாசலில் நின்றபடி, மத்தியானம் தனியாகச் சாப்பிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னான். பிறகு கேட்டான்.

"அக்கா, நான் உண்மையிலேயே கூடப் போனனானோ?"

"ஓம். ஒரு யார் கூட."

"அப்ப சரி. நீங்கள் என்ன செய்யிறது, கண்டதைத்தானே காட்டினனீங்கள்."

அவன் கோபித்திருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள்.

"க்ரெய்க்கும் போனவன், சிறி. ரெண்டு தரம். நான் கண்டனான்."

"பிறகேன் விட்டனீங்கள்?"

அவள் அடுப்பைத் தணித்தாள். காரணம் சனிக்கிழமையே அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"அவனைப் பிடிச்சா எல்லாரும் என்னைத் திரும்பிப் பாப்பினம். இவள் ஆர் சொல்ல எண்டு கேப்பினம். உன்னைப் பிடிச்சா, சொந்தக்காரன் எண்டும் பாக்கேல்லை, நல்லவள் எண்டுவினம்."

சிறிதரன் வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தான்.

"ப்ரூஸ்டரிட்டச் சொல்லிப்போட்டீங்களோ?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அதுக்கும் நான்தான் கிடைச்சனான் என்ன," என்றான். சத்தம் உயரவில்லை. "போட்டு வாறன்" என்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனான்.

அவள் சோற்றை வடிக்க மறந்து நின்றாள். பிழையை ஒப்புக்கொள்வதற்கும், தன்னை ஒன்றும் செய்யமாட்டாதவனையே தேடிப் பிடித்திருந்தாள்.

மறுநாள் ப்ரூஸ்டரின் கதவைத் தட்டும்போது, மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் கலைந்து போயின. இரண்டு தடவை பார்த்தேன், வீசவில்லை, பயந்தேன் என்று மட்டும் சொன்னாள். யார் என்று அவர் கேட்டார். பெயரைச் சொன்னாள். அவள் கையோடு கொண்டுவந்திருந்த பட்டியலை அவர் வாங்கி மேசையில் வைத்தார்.

அப்படியானால் சிறிதரனுக்கு நீ வீசிய மூன்றாவதையும் நான் நம்ப முடியாது என்று சொல்லி, ரப்பரை எடுத்து சிறிதரனின் பெயர்மேல் இருந்த கோட்டை அழித்தார். மெல்பேர்னில் துணி பிடிக்க வேறு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார்.

மூன்றாவது உண்மை என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். அது ஒன்றுதான் சனிக்கிழமை அவள் சரியாகக் காட்டியது. சொன்னால் சிறிதரனின் பெயர்மேல் அந்தக் கோடு மறுபடி விழும். பிறகு வாயை மூடிக்கொண்டு, பட்டியலை வாங்கிக்கொண்டு தன் மேசைக்கு வந்து, ஏழாவது பெயரிலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.