ஒன்பதாவது வய்யாமொத்

ரஹமிம் சபாக்கை அடக்கம் செய்து ஏழு மாதம் ஆன பிறகு, யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா முடிந்த செவ்வாய்க்கிழமை மதியம், அவன் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். இஸ்ரேலின் பாலைவன ஊரான யெருஹாமில் யாரும் இதற்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை. மாடிவீட்டு ஸுலிகா மட்டும், துக்கம் காத்த ஏழு நாளும் சமைத்துக் கொடுத்தவள் என்ற உரிமையில், படியில் நின்று சத்தம் போட்டாள். "அடப்பாவி, உனக்காகவா நான் அண்டா அண்டாவா கூஸ்கூஸ் கிளறினேன்? அழுத அழுகைக்காவது மரியாதை வேண்டாமா?" ரஹமிம் சங்கடமாகச் சிரித்து, அவளுக்கும் ஒரு கை விதை கொடுத்தான்.

எல்லாம் ஒரே ஓர் உயிர்க்குறியால் வந்த வினை. அவன் மனைவி அஹுவா, நாற்பத்து நான்கு வயதில் நகராட்சி வேலையை விட்டுவிட்டு, உயர்நிலைப் பள்ளியில் யூத வேதத்தின் பழைய மொழியான வேத எபிரேயம் கற்பிக்கும் பயிற்சிக்காகப் பேர்ஷேவா கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வேத எபிரேயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வினைச்சொல்லுக்கு முன்னால் 'வ' என்று வாசித்தால் காரியம் நடந்து முடிந்துவிட்டது. 'வெ' என்று வாசித்தால் இனிமேல்தான் நடக்கும். வய்யாமொத் என்றால் செத்துப்போனான். வெயாமொத் என்றால் சாவான். கடையிலும் பஸ்ஸிலும் எல்லாரும் 'வெ' போட்டே பேசுவதால் பயிற்சிக்கு வருகிற அத்தனை பேரும் இதில் சறுக்குவார்கள். இரண்டு வாரத்தில் நாக்கு திருந்திவிடும். அஹுவாவின் நாக்கு திருந்தவில்லை.

பயிற்சி வகுப்பாக அவளுக்குப் பத்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பாடம், வேதத்தின் ஆதி முன்னோர்கள் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் வாழ்ந்து செத்த அத்தியாயம். வய்யாமொத் அதில் எட்டு முறை வருகிறது. எட்டு முறையும் அவள் தப்பாக வாசித்தாள். மணி அடித்தபோது கடைசி வரிசையில் எட்டுக் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் சாகாதவர்கள் எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும். எட்டு முறையும் அவள் நினைப்பில் இருந்தவன் ரஹமிம். அவள் வீட்டுக்குப் போனபோது அவனும் இருந்தான்.

கிழவர்கள் தொந்தரவு செய்யவில்லை. கண் இமைக்காமல் கரும்பலகையையே பார்த்தார்கள். அவர்களைச் சுற்றி எப்போதும் ஈரமண் வாசனை. பாலைவன வெயில் கொளுத்தும் மாதத்திலும் அந்த மூலையில் மட்டும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் தேவைப்பட்டது. "டீச்சர், இந்தத் தாத்தா என் பிஸ்லி சிப்ஸத் தின்னுட்டாரு" என்று யார்தென் முறையிட்டபோது, "ஐயாயிரம் வருஷத்துப் பசிடி அவருக்கு, விடு" என்று பக்கத்துப் பையன் அடக்கினான். பயிற்சியை மேற்பார்வையிட்ட பத்யா, வருகைப் பதிவேட்டில் இல்லாத எட்டுப் பேர் என்று அறிக்கையில் எழுதிவிட்டு, உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைத்தாள்.

வீட்டில் நடந்ததுதான் யாருக்கும் தெரியாது. ரஹமிம் திரும்பிவந்தது அவன் செத்த அன்றைய காலையோடு. தினமும் ஏழு பத்துக்கு அவனுடைய இடது தோளில் வலி தொடங்கும். அன்று அவன் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை ஓரம் கட்டவைத்த அதே வலி. அது மார்புக்கு இறங்கும், ஆனால் சாவில் முடியாது. மதியம்வரை அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அஹுவா அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்றுகொள்வாள். தான் செய்வது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவன் விதை கொறிக்கும் சத்தம் கேட்ட வீட்டை அவளால் விட முடியவில்லை.

இரண்டு தேர்வு வகுப்புகளில் தோற்றாள். மூன்றாவதிலும் தோற்றால் உரிமம் இல்லை, பள்ளி அவளுக்கென்று வைத்திருந்த வேலையும் போய்விடும். வேறு அத்தியாயம் கேட்டுப் பார்த்தாள்.

"உனக்கு வராதது இதுதானே அஹுவா. இதைத்தான் பார்க்கணும்" என்றாள் பத்யா.

"இதைச் சரியா வாசிச்சா என் வீடு காலியாயிடும், பத்யா."

பத்யா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "புத்தகத்துல எட்டுப் பேருதான் இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

தேர்வு நாளன்று ரஹமிம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தான்.

"நீ எதுக்கு?"

"வீட்ல தனியா வலிக்குது. உன் பாடத்தையாவது கேக்கறேன்."

கிழவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். வெளியூர்த் தேர்வாளர் பேனாவைத் திறந்தார். அஹுவா முதல் ஆளின் வயதை வாசித்தாள், மூச்சை இழுத்து, வய்யாமொத் என்றாள். ஒரு கிழவர் எழுந்து, நாற்காலியை ஓசையில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, கதவைத் தாண்டிப் போனார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று எட்டுப் பேரும் போனார்கள். அந்த மூலையில் மாணவி ஒருத்தி ஸ்வெட்டரைக் கழற்றினாள். தேர்வாளர் தலையை ஆட்டி, முழு மதிப்பெண் போட்டார்.

கடைசி வரிசையில் ரஹமிம் மட்டும் அப்படியே இருந்தான். அவன் பெயர் அந்த அத்தியாயத்தில் இல்லை. உரிமம் கையில் வந்த மாதிரிதான், அவனும் இருக்கிறான். இத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் தோளை அழுத்திப் பிடித்தபடி, வகுப்பு கலையக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். வலிக்கும்போதும் இந்த மனுஷன் அடுத்தவருக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று நினைக்கிறானே என்று அவளுக்குப் பட்டது.

புத்தகத்தை மூடினாள். அவனைப் பார்த்தபடியே, "ரஹமிம், நாற்பத்தாறு வருஷம்" என்றாள். பிறகு, 'வ'வை அழுத்தி, "வய்யாமொத்."

"டீச்சர், அது புத்தகத்துல இல்ல" என்றாள் யார்தென்.

"இல்ல. ஆனா வாசிக்கணும்."

நாற்காலி காலியாக இருந்தது. அஹுவா இரண்டாவது முறையாகத் துக்கம் காத்து ஏழு நாள் தரையில் உட்கார்ந்தாள். ஸுலிகா மறுபடி அண்டா அண்டாவாகக் கூஸ்கூஸ் கிளறினாள். இப்போது அந்தப் பள்ளியில் அஹுவாதான் டீச்சர். எழுதப்படாவிட்டாலும் வாசிக்க வேண்டிய சொற்கள் வேதத்தில் ஏற்கெனவே சில உண்டு என்பதால் ஊரில் யாரும் இதை ஆட்சேபிக்கவில்லை. பொதுத்தேர்வில் அந்த அத்தியாயத்தில் எத்தனை சாவு என்று கேட்டால் நாடு முழுக்கப் பிள்ளைகள் எட்டு என்று எழுதுகிறார்கள். யெருஹாம் பிள்ளைகள் ஒன்பது என்று எழுதுகிறார்கள். திருத்துகிறவர்கள் அதையும் சரி என்றே போடுகிறார்கள்.