சிவப்பு பாடிக்கு

நோரா குனிந்து, வண்டிக்கு அடியில் கையை விட்டு, தன்னுடைய கேக் தட்டை வெளியே இழுத்தாள். தட்டில் விரல் தடிமனுக்குக் கறுப்பு எண்ணெய் நின்றிருந்தது.

"இதைத் தேடாத இடமில்ல. இதுக்குத்தான் எடுத்தீங்களா?"

"கடைசியா எப்ப கேக் செஞ்ச?" என்றார் ஞானசேகரன். திறந்திருந்த இன்ஜின் மூடிக்குள் அவருடைய தலை இருந்தது.

"தட்டு இருந்தாத்தானே செய்வேன்."

"ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். சந்தோஷப்படு. இருந்த இடத்துலயே வை. அங்க இல்ல, கொஞ்சம் இடது பக்கமா. ஆங். இப்ப ஏறி உக்காரு."

அவள் கையைப் புடவையில் துடைக்கப் போய், நினைவு வந்து, அவர் தோளில் கிடந்த துணியில் துடைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. வாசலில் தண்ணீர் லாரி நின்று, எதிர்வீட்டு சம்ப்புக்குக் குழாய் போட்டு, மோட்டாரை இரைய விட்டிருந்தது.

வண்டி ஐம்பத்திரண்டாம் வருஷத்து எம்.ஜி. கார். இரண்டே பேர் உட்காரலாம். பச்சை நிறம், நீள மூக்கு, கூரைக்குப் பதில் மடித்துவிடும் துணி. ரிச்மண்ட் டவுனில் இருந்த ஒரு டாக்டர் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போனபோது, "உன்கிட்ட இருந்தா உயிரோட இருக்கும்" என்று ஞானசேகரனிடம் விட்டுப்போனது. பதினோரு வருஷம் அது ஆஸ்டின் டவுன் வீட்டின் ஷெட்டிலேயே கிடந்தது. ஒரு வருஷம் கார்புரேட்டர், ஒரு வருஷம் கேஸ்கெட், ஒரு வருஷம் எலி கடித்த வயர். அவருடைய தம்பி டேரில், "அண்ணனோட ரெண்டாவது சம்சாரம். வீட்டை விட்டு வெளிய வராத சம்சாரம்" என்பான். தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது.

அன்று அது ஷெட்டிலிருந்து வாசல்வரை வந்திருந்தது. அவரும் லாரி டிரைவரும் தள்ளிக்கொண்டு வந்து, கேட்டுக்கு நேராக நிறுத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இதில்தான் போகிறோம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தபாலில் வந்த ஒரு சின்னக் கறுப்பு டப்பிதான் அந்தத் தைரியத்துக்குக் காரணம். தீப்பெட்டி அளவு. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற இடத்தில், தேய்ந்துபோன பழைய சாமானுக்குப் பதிலாக அதை உட்கார வைத்திருந்தார். வியாழன் முழுக்க அதைக் குழந்தையைப் போலக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

"சாவி" என்றார்.

நோரா சாவியைத் திருப்பினாள். முன்பக்கத் தகட்டில் இருந்த பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்தது. இதுதான் அவள் வேலை. தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷ இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. பம்ப் அடிப்பது அவருக்குக் கேட்காது. கார்புரேட்டர் நிரம்பியதும் சத்தம் நிற்கும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது. அடிக்கவே இல்லையென்றால் ஸ்பேனரின் பிடியால் ஒரு தட்டு. பதினோரு வருஷமாக அவள் இந்த சீட்டில் உட்கார்ந்து அவருக்குக் காதாக இருந்தாள்.

டிக், டிக். டிக்.

"நின்னுடுச்சு" என்றாள்.

"இழு."

ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள். இன்ஜின் முனகிச் சுற்றியது. இரண்டாவது தடவை இழுத்தபோது எங்கோ ஒரு தும்மல். மூன்றாவது தடவை, வண்டி முழுவதும் ஒருமுறை உதறிக்கொண்டு, ஓடியது.

அவளுடைய முழங்கால் நடுங்கியது. ஸ்டியரிங் நடுங்கியது. கண்ணாடியில் தெரிந்த வேப்பமரம் நடுங்கியது. புகைக்குள்ளிருந்து ஞானசேகரன் வெளியே வந்தார். முகமெல்லாம் பல்.

"கேக்குது நோரா. எனக்கே கேக்குது."

"எனக்கும்தான். கத்தாதீங்க."

"ஆஃப் பண்ணிடாத. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவுக்குக் கீழே இருந்த ஃபுட்போர்டில் உட்கார்ந்தார். கதவில் தலையைச் சாய்த்தார். காதை வைத்துக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் தலைமேல் கையை வைத்தாள். முடி வேர்வையில் நனைந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை எந்தப் புடவை கட்டட்டும்? காத்துல பறக்காத புடவையா இருக்கணுமே" என்று கேட்டாள். பிறகு இன்னொரு தடவை கேட்டாள்.

அவர் மூச்சு விடுகிறாரா என்று கேட்க முடியவில்லை. இன்ஜின் அவ்வளவு சத்தம் போட்டது. அவள் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள்.

அதன்பிறகு தண்ணீர் லாரியின் மோட்டார் மட்டும் கேட்டது.

கேட்டுக்கு ஓடியபோது, "ஏனாய்த்து மேடம், என்ன ஆச்சு?" என்று லாரி டிரைவர்தான் குழாயைப் போட்டுவிட்டு வந்தான். அவன்தான் ஆட்டோ பிடித்தான். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த டாக்டர் சின்னப் பெண். நோராவின் கையைப் பிடித்துக்கொண்டு, வரும்போதே உயிர் இல்லை என்றாள்.

*

மறுநாள் மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. முன்னறையில் பெட்டி. மூன்றரைக்கு ஃபாதர் வருவார், நாலு மணிக்கு ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டம். சென்னையிலிருந்து மகள் ஜூலியா விடியற்காலையிலேயே வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோரா ஒரே ஒரு விஷயத்தைத்தான் எல்லோரிடமும் சொன்னாள். "வண்டி ஓடுச்சு. அவர் கேட்டார்."

கேட்டவர்கள் அவள் கையைத் தடவிக் கொடுத்தார்கள். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ வீடுகளில் அப்படித் தலையாட்டியிருக்கிறாள். தண்ணீர் லாரியின் சத்தத்தில் தெருவில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எதிர்வரிசை வீட்டு மௌரீனுக்கும் கேட்கவில்லை. ஓடியதற்குச் சாட்சி அவள் மட்டும்தான். ஓடட்டும் என்று அவர் சொன்னதை நிறுத்தியதும் அவள்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கேட்டை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. பெட்டியை வெளியே கொண்டுபோக வழியில்லை.

"நாலு பேர் இருந்தா ரெண்டு நிமிஷத்துல உள்ள தள்ளிடலாம்" என்றான் டேரில்.

"தள்ள வேணாம். ஸ்டார்ட் பண்ணி வெளிய எடு" என்றாள் நோரா.

"அம்மா" என்றாள் ஜூலியா, மெதுவாக. "எல்லாரும் இருக்காங்க. ஸ்டார்ட் ஆகலன்னா அப்பாவைத்தான் ஒரு மாதிரி பேசுவாங்க. இன்னிக்கு வேணாமே."

"ஓடும்."

ஜூலியா சித்தப்பாவைப் பார்த்தாள். டேரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணி. ஒரு தடவை பாத்துடுவோம்" என்றான். பக்கத்து ஏரியாவான அடுகோடியில் அவனுக்கு பேட்டரி கடை. நேற்று தீ கீ பிடித்துவிடப் போகிறதென்று வண்டியின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய் சார்ஜில் போட்டிருந்தான். ஆள் விட்டு அதை எடுத்துவரச் சொன்னான்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நோராவுக்கு ஜன்னல் வழியே வண்டி தெரிந்தது. அறையில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. டேரில் பேட்டரியை இறக்கி வைத்தான். பார்த்தான். தலையைச் சொறிந்தான். பிறகு பக்கத்தில் நின்றவனிடம் அவன் சொன்னது நன்றாகவே கேட்டது.

"பாரு, அண்ணன் மாத்தி மாட்டியிருக்கார். பிளஸ் வயரை, சிவப்பைக் கொண்டுபோய் வண்டி பாடியில குடுத்திருக்கார். அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்? பதினோரு வருஷமா இதான் கோளாறு."

பேட்டரியைத் தூக்கித் திருப்பி வைத்தான்.

நோராவின் கையிலிருந்து ஜெபமாலை நழுவியது. "டேரில்" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "சிவப்பு பாடிக்கு."

ஜெபம் நின்றது. அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். டேரில் கொண்டுவந்திருந்த சிவப்பு ரோஜா மாலை கதவோரம் நாற்காலியில் கிடந்தது. மௌரீன் அழுதுகொண்டே எழுந்துபோய் அதை எடுத்துவந்து ஞானசேகரனின் மார்பில் வைத்தாள்.

"போட்டாச்சு நோரா. பாரு, போட்டாச்சு."

டேரிலும் ஸ்பேனரோடு ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தான். "போட்டுட்டாங்க அண்ணி. மௌரீன் அக்கா போட்டுட்டாங்க. நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பேட்டரியிடம் போனான்.

நோரா எழுந்தாள். காலடியில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, செருப்புக் குவியலை மிதித்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசலுக்கு வந்தாள். நட்டு இன்னும் முறுக்கப்படவில்லை. கம்பி பேட்டரியைத் தொட ஒரு விரல் தூரம் இருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்த பாடிக்கு இல்லடா. இந்த பாடிக்கு."

டேரிலுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "அண்ணி, முப்பது வருஷமா பேட்டரி மாட்டறேன். எல்லா வண்டியிலயும் கறுப்புதான் பாடிக்கு."

"இது எல்லா வண்டி இல்ல."

"சிவப்பைக் குடுத்தா எரிஞ்சிடும் அண்ணி."

"கறுப்பைக் குடுத்தாத்தான் எரியும். அந்த டப்பி போயிடும். போன வருஷம் உங்க அண்ணனே மறந்துபோய்க் கறுப்பைக் குடுத்து ஒரு டப்பியை எரிச்சார். ரெண்டு நாள் சாப்பிடல." அவள் இன்ஜின் மூடியின் உள்பக்கத்தைக் காட்டினாள். பிளாஸ்திரி நாடாவில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. சிவப்பு பாடிக்கு. அதற்குக் கீழே இன்னொரு வரி. மறக்காதே கழுதை.

டேரில் அதைப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். சிரிப்பதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு பேட்டரியைத் தூக்கித் திரும்பவும் திருப்பினான்.

ஃபாதர் வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே, புத்தகத்தை மூடி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஜன்னலில் பெண்கள். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள். ஜூலியா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நோரா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

டிக் டிக் டிக் டிக்.

பம்ப் அடிப்பது தெருவரைக்கும் கேட்டது. மெல்ல இடைவெளி விட்டது. டிக், டிக். டிக்.

"நின்னுடுச்சு" என்றாள்.

டேரில் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஏதோ சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. அவள் குமிழில் கையை வைத்தபடி இருந்தாள். ஃபாதரின் அங்கி காற்றில் படபடத்தது.

அவள் இழுத்தாள்.

முனகல். மறுபடி இழுத்தாள். தும்மல். டேரில் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மூன்றாவது இழுப்பில் வண்டி உதறிக்கொண்டு ஓடியது.

எதிர்வீட்டு மாடியில் யாரோ கை தட்டிவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்கள். டேரில் பைத்தியம் பிடித்தவனைப் போல இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஓடுது அண்ணி. டேய், ஓடுதுடா. அண்ணன் ஓட்டிட்டார்டா." புகைக்கு நடுவே ஜூலியா படி இறங்கி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் வண்டியோடு சேர்ந்து நடுங்கியது. ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. நோரா தலையாட்டினாள்.

அவள் கால் கிளட்சை எட்டாது. இறங்கி, டேரிலை உட்கார வைத்தாள். அவன் வண்டியை மெதுவாக வெளியே எடுத்து, தெருவைக் கடந்து, மௌரீன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் கொண்டுபோனான்.

"ஆஃப் பண்ணாத" என்று அவன் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனாள். "பெட்டியை வேன்ல ஏத்தற வரைக்கும் ஓடட்டும்."

ஓடியது. ஃபாதர் கொஞ்சம் குரலை உயர்த்தி ஜெபம் சொன்னார். சிவப்பு ரோஜா மாலையோடு பெட்டி அகலமான கேட் வழியே வெளியே வந்தது. வேனின் கதவு சாத்தப்பட்டபோது நோரா தெருவுக்கு அந்தப்பக்கம் பார்த்துக் கையைக் காட்டினாள். டேரில் சாவியைத் திருப்பினான்.

*

கல்லறையிலிருந்து வந்து குளித்தபோது மணி ஆறு. வெளிச்சம் இன்னும் இருந்தது. ஜூலியா சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் கேக் தட்டு வாசல்ல கிடந்தது. ஒரே எண்ணெய். மூணு தடவை சோப்பு போட்டேன்."

தட்டு பளபளவென்று மற்ற தட்டுகளோடு சாய்ந்து நின்றது. நோரா அதை எடுத்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து மௌரீன் வீட்டுக்குப் போனாள்.

வண்டி ஆறிப்போயிருந்தது. பேட்டரியின் சிவப்பை டேரில் பாடியிலிருந்து கழற்றி, துணி சுற்றி வைத்திருந்தான். அவள் முழங்காலிட்டுக் குனிந்தாள். மௌரீனின் சுத்தமான சிமெண்ட் தரையில் ஐந்தாறு கறுப்புப் பொட்டுகள். தட்டை உள்ளே தள்ளினாள். நடுவில் இல்லை, கொஞ்சம் இடது பக்கமாக.

அடுத்த சொட்டு அதில் விழுந்தது.