முதல் என்றால் கடைசி

"மூடிடலாம்னு நீதானேக்கா சொன்னே, கம்ப்யூட்டரை வாங்குறவரு டிஸ்கைச் சுத்தமாக் கேட்டாரு, அதான் நான்…"

"மூடுன்னேன். அழின்னா சொன்னேன்? சுத்தம்னா தூசி தட்டிக் குடுக்கறதுடா, துடைச்சுக் குடுக்கறதில்லை."

இருவரும் ஒரே சமயத்தில் பேசியதில் யார் பேச்சும் யார் காதிலும் ஏறவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மெத்தைப் பஞ்சைத் தம்பி காலையிலேயே உரித்துப் போட்டுவிட்டதால், பதினோரு வருஷமாகச் சின்ன இருமலைக்கூட விழுங்கிய அந்த மாடி அறை, இன்று சண்டையை இரண்டு இரண்டாகத் திருப்பிச் சொன்னது.

இந்த அறையில்தான் அக்காவும் தம்பியும் லேபிள் நடத்தினார்கள். லேபிள் என்றதும் பாட்டிலில் ஒட்டுகிற சீட்டு என்று நினைத்த சொந்தக்காரர்கள் உண்டு. யாரும் சீந்தாத பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பாடவைத்து, பதிந்து, இணையத்தில் ஏற்றுவதுதான் பிழைப்பு. ஒலி அக்காவின் பாடு. ஏற்றுவதும் இறக்குவதும் கடிதம் போடுவதும் தம்பியின் பாடு. மூடுவது என்று ஆனதும், அக்காவின் கையால் வேண்டாமே என்று அந்த வேலையையும் அவனே இழுத்துப்போட்டுக்கொண்டான். இணையத்தில் இருந்த பாட்டுகளை எல்லாம் எடுத்துவிடச் சொன்னான். பாடியவர்களுக்கு மூலப்பதிவு வந்து சேரும் என்று கடிதம் போட்டான். பிறகு அனுப்ப வேண்டியதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைத் துடைத்தான்.

வினை அங்கேதான் இருந்தது. முடிந்த பதிவுக்கு ஊரெல்லாம் 'ஃபைனல்' என்று பெயர் வைக்கும். அக்கா வைக்கமாட்டாள். கடைசி என்று எழுதினால் பாட்டின் ஆயுசு குறைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இனிமேல்தானே அது வெளியே நடக்கப்போகிறது என்று, முடிந்த பாட்டுக்கு 'முதல்' என்று போடுவாள். இரண்டு, மூன்று, நான்கு என்பதெல்லாம் குரல் சேராத வெறும் வாத்தியம். தம்பியோ 'முதல்' எல்லாம் முதல் முயற்சி என்று எண்ணித் துடைத்துவிட்டு, 'நான்கு' எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வைத்திருந்தான்.

"முதல்னா என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"முதல்னா முதல்தானேக்கா. உன் மனசுக்குள்ள இருக்கற அகராதியை நான் எங்க போய்ப் புரட்டுவேன்?"



டிஸ்க் மீட்கிற கடைக்காரர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். பாத்திரத்தைத் தேய்க்கச் சொன்னால் ஓட்டை விழும்வரை தேய்த்திருக்கிறீர்கள் என்றாராம். பாட்டை ஏற்றிவைத்திருந்த இணைய நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியாயிற்று. எடுத்தது எடுத்ததுதான், எங்களிடமும் பிரதி கிடையாது, இனிய நாளாக அமையட்டும் என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது.

மற்றவர்கள் எல்லாரிடமும் பிரதி இருந்தது. இல்லாதது ஒரே ஒருத்தியிடம்தான். தையல்காரரின் மனைவி. வாழ்நாளில் பதிந்த ஒரே பாட்டை இங்கேதான் பாடினாள். அடுத்த வருஷம் தொண்டையில் அறுவை நடந்தது, பேச்சு போயிற்று. அந்தப் பாட்டை இதுவரை கேட்ட கணக்கில் முக்கால்வாசி அவர்கள் வீட்டுப் போனிலிருந்துதான் என்று தம்பி முன்பெல்லாம் கேலி செய்வான்.

அந்தப் போனிலிருந்துதான் இப்போது அழைப்பு வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

தையல்காரர் நிதானமாகப் பேசினார். காலையிலிருந்து பாட்டு வரவில்லையாம். போன் கெட்டுவிட்டதென்று நாலு தட்டுத் தட்டிப் பார்த்தாராம். அப்புறம்தான் கடிதம் ஞாபகம் வந்ததாம். மூலப்பதிவையே தரப்போகிறார்கள் என்றதும் மனைவி காகிதத்தில் பெரிசாக நன்றி என்று எழுதிக் காட்டினாளாம்.

"அனுப்பறதை மெதுவா அனுப்புங்கம்மா. இப்போ ஒரு தடவை போன்லயே போட்டுவிடுங்க. அதைக் கேக்காம அவளுக்கு ஒரு வேலையும் ஓடலை."

"அண்ணே, அது வந்து…"

"பக்கத்துலதான் உக்காந்திருக்கா. சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையில் கிடந்த பஞ்சைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். திரையில் 'நான்கு' இருந்தது. தொடக்க வாத்தியம் மட்டும் அரை நிமிஷம் ஓடும். அந்த அரை நிமிஷத்துக்குள் சொல்லத் தகுந்த வார்த்தை ஒன்று அகப்படாதா என்று அவள் பொத்தானை அழுத்தினாள். வேண்டாம் என்று தம்பி கையை நீட்டியபோது வீணை ஆரம்பித்துவிட்டிருந்தது.

மொட்டைச் சுவர்களில் மோதி அது பெரிதாகக் கேட்டது. பிறகு குழல் சேர்ந்தது. பிறகு இரண்டும் தணிந்து, வருகிறவளுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கின. அக்காவுக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

போனில் தையல்காரர் மனைவியிடம் மெல்லச் சொல்வது கேட்டது.

"இரு, இப்போ உன் குரல் வரும்."