நாலாவது கோடு

அக்காவின் ஊதாக் கரைசல் முழுக்க ஃப்ரீ ராடிக்கல்கள், எதையும் தாக்கத் துடிக்கும் மூலக்கூறுகள். அவற்றை அடக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எதையாவது அதில் விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதைக் கருவி ஒளியைச் செலுத்தி அளந்து சொல்லும்.

அன்று மூன்று தோல்கள்: மாதுளை, ஆரஞ்சு, வாழைப்பழம். தோல் அவளுக்கு, பழம் எனக்கு. அவளுடைய வேதியியல் துறையிலேயே இரண்டாம் வருடம் படிப்பை விட்டவன் நான். இப்போது அந்தக் கருவிக்குக் காவல்.

முப்பதாவது நிமிடத்தில் மூன்றும் மஞ்சள். மூன்று மணிக்கு அக்கா பேராசிரியரைப் பார்க்க வேண்டும். அவர் முடிவுகளை ஒப்புக்கொண்டால் இந்த வருடமே ஆராய்ச்சிப் பட்டம். இல்லையென்றால் ஆறாவது வருடம்.

"வாழைப்பழத் தோல் மாதுளைக்குச் சரிசமமா நிக்குது, பாத்தியா?"

"அது ஆளை வழுக்கி விடத்தான் லாயக்குன்னு நினைச்சேன்."

அக்கா கடைசி எண்ணை மட்டும்தான் எழுதுவாள். நான் வேறு வேலை இல்லாததால் நிமிடத்துக்கு நிமிடம் குறித்திருந்தேன். அந்த எண்களைக் கோடுகளாக வரைந்து நீட்டினேன்.

"மூணு கோடு எங்கடா?"

"இதுதான் மூணும்."

"ஒண்ணையே மூணு தடவை அளந்தியா, சோம்பேறி?"

"இல்லக்கா. மூணும் பேசி வெச்ச மாதிரி ஒரே நடை நடக்குது."

மாதுளையும் வாழையும் ஒரே வேகத்தில் வேலை செய்ய நியாயமில்லை. அது அவளுக்கும் தெரியும். முகம் மாறியது. தோல்களை ஊறவைக்கப் பயன்படுத்திய அதே கரைப்பானைப் புதிதாக எடுத்து, தோல் எதுவும் போடாமல், வெறுமனே ஊதாவில் விட்டேன். அரைமணி நேரம் மறுபடி நிமிடத்துக்கு நிமிடம் குறித்தேன்.

மஞ்சள். நாலாவது கோடும் மற்ற மூன்றின் மேலேயே படுத்துக்கொண்டது.

கரைப்பான் பாட்டிலைத் திருப்பினேன். எறும்பு எழுத்தில்: கெட்டுப்போகாமலிருக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்க்கப்பட்டது. ஆய்வகச் சுவரில் 'லேபிளைப் படி' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியவள் அக்கா. எனக்காக ஒட்டியது.

"கடைசி எண்ணை மட்டும் காட்டினா யாரும் கேக்க மாட்டாங்க," என்றேன்.

"கண்டுபிடிச்சது நீ. மூடி மறைக்கவும் நீயே வழி சொல்றியா? போடா." வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

பேராசிரியர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நின்றேன்.

"மூணு தோல்தானேம்மா சொன்னே? இந்த நாலாவது கோடு எந்தப் பழம்?"

"பழம் இல்ல சார். பாட்டில்."

காகிதம் புரளும் சத்தம். பிறகு அவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"வேற கரைப்பான்ல முதல்லேருந்து செய்யணும். எத்தனை மாசம் ஆகும்?"

"எட்டு, சார்."

"சரி. ஆய்வேட்டுல இந்தப் பாட்டிலைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதிடு."

வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் பழையபடி.

"வாழைப்பழம் மீதி இருக்கா?"

"தின்னுட்டேன்."

"தோலு?"

"பத்திரமா இருக்கு."

"அப்ப வா. முதல்ல லேபிளைப் படி. சத்தமா."