பதினேழாம் எண் பில்லை

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் புகைக்குள் நுழையும் எவரும் முதலில் தம் எண் பொறித்த பித்தளைப் பில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டே நுழைய வேண்டும். வாசலில் நிற்பவர் அதைப் பலகையில் மாட்டி, நுழைந்த நேரத்தையும் முதுகில் கட்டிய மூச்சுச் சிலிண்டரில் உள்ள காற்றின் அளவையும் பக்கத்தில் எழுதி வைப்பார். வெளியே வந்தவர் தம் பில்லையைத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். அறுபது ஆண்டுகளுக்கு முன், மரக்கிடங்குத் தீயொன்றை அணைத்துவிட்டுத் திரும்பிய வண்டி, மூன்று தெரு தாண்டிய பிறகுதான் ஓர் இருக்கை காலியாக இருப்பதைக் கவனித்தது. அன்று பிறந்த விதி இது.

பலகைக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் அவர், பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கணக்குத் தவறியதில்லை. தவறியது வீட்டுக் கணக்கு ஒன்றுதான். "இந்த வேலை பாக்கறவன் மட்டும் வேண்டாம்மா" என்று அவர் கெஞ்சியும் கேளாமல், அவருடைய ஒரே மகள், அதே நிலையத்தின் பதினேழாம் எண்காரரை மணந்துகொண்டாள். சைரன் ஒலித்த நாளெல்லாம் தம் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் அறிவார். அந்தக் காத்திருப்பு மகளுக்கும் வேண்டாமே என்பதுதான் அவர் ஆதங்கம். பாவம், அது வாயைத் திறந்ததும் கோபமாக வெளிவந்துவிட்டது. பதினொரு மாதமாக மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டவை இரண்டே சொற்கள்: "பதினேழு." "சார்."

அன்று காலை மகள் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. அவர்தான் சமைக்கிறார்."

"சமைக்கத் தெரியுமா அவருக்கு?"

"கருகினா அணைக்கத் தெரியும்ல, அது போதும்."

சிரிப்பை அடக்க அவர் வெகுவாகப் பாடுபட்டார். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்குத் துணிக்கிடங்கில் தீ. ஐந்து பேர் உள்ளே போனார்கள்; பலகையில் ஐந்து பில்லைகள். சற்று நேரத்தில் நால்வர் இருமிக்கொண்டே வந்து தத்தம் பில்லையை வாங்கிக்கொண்டார்கள்.

"பதினேழு எங்கே?"

"பின்னாடியேதான் வந்தான் சார். தண்ணி ஹோஸ் எங்கயோ மாட்டிக்கிச்சு, எடுத்துட்டு வரேன்னு திரும்பிட்டான்."

இன்னும் ஏழு நிமிடக் காற்றுதான் இருந்தது. வாக்கி-டாக்கியில் கரகரப்பைத் தவிர ஒன்றும் இல்லை. பலகைக்காரரின் கை, அவரையும் அறியாமல், கடைசிப் பில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் அந்த எண்ணைத் தடவிக்கொண்டே இருந்தது.

நிலைய அதிகாரி ஓடி வந்தார். பலகையை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சு. கூரை தாங்காது, மேலேர்ந்து முழு வேகத்துல அடிங்க!"

பலகைக்காரர் அதிகாரியின் குறுக்கே பாய்ந்தார். அந்த வேகத்தில் தண்ணீர் விழுந்தால் கூரை அப்படியே உள்ளே சரியும்.

"நிறுத்துங்க சார்! ஆள் இருக்கு!"

"பலகை காலியா இருக்கே!"

அவர் உள்ளங்கையை விரித்தார். "நான்தான் எடுத்துட்டேன் சார். என் மாப்பிள்ளை உள்ள இருக்காரு."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நிலையத்தில் யாரும் கேட்டதில்லை. குழாயைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. அவர் வாக்கி-டாக்கியை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

"மாப்பிள்ளை! ஹோஸை எடுக்க வேண்டாம். அதைத் தடவிக்கிட்டே வாசலுக்கு வாங்க! கேக்குதா மாப்பிள்ளை?"

கரகரப்பு. பிறகு, மெதுவாக ஒரு குரல்:

"யார் சார் பேசறது?"

"உங்க மாமா பேசறேன், வாங்க!"

காற்று தீர இரண்டு நிமிடம் இருக்கையில், முழங்காலில் ஊர்ந்தபடி, கரி அப்பிய உருவம் ஒன்று வாசலில் தெரிந்தது. முகமூடியைக் கழற்றி, இருமி முடித்து, கையை நீட்டியது.

"பில்லை குடுங்க... மாமா."

இறுகிப்போயிருந்த விரல்களைப் பலகைக்காரர் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் பதினேழு பதிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை என்ன சமையல்?" என்றார், வேறு எங்கோ பார்த்தபடி.

"உங்களுக்கு என்ன புடிக்கும்னு அவகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன் மாமா. பதினொரு மாசமா."

நிலையத்துக்குத் திரும்பியதும், யாரும் கேட்பதற்கு முன் அவர் நிகழ்ச்சிப் புத்தகத்தைத் திறந்தார். 'ஆள் வெளிவருமுன் பில்லை எடுக்கப்பட்டது. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். காரணம் என்ற கட்டத்தில் மட்டும் பேனா வெகுநேரம் தயங்கியது. பிறகு திருத்தமான எழுத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: மாப்பிள்ளை.