சூட்டுக்கு மசியாத மஞ்சள்

அன்று போக்னாவின் பெயர்நாள்; போலந்தில் அதையும் பிறந்தநாள் போலக் கொண்டாடுவார்கள். லூஜ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ராபெரி கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அவளுக்கோ கிராக்கோ ரயிலைப் பிடிக்கிற அவசரம். அங்கே எக்ஸ்ரே கருவியில் அவளுக்கு இடம் மறுநாள் மட்டும்தான். தவறினால் அடுத்த வருஷம்.

கொண்டுபோக இரண்டு கண்ணாடித் துண்டுகள். இரண்டின் மேலும் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் மெல்லிய மஞ்சள் படலமாகப் படிந்திருந்தது. மூலக்கூறுச் சங்கிலி ஒன்றேதான். பக்கவாட்டில் தொங்கும் வால் மட்டும் வேறு. ஒன்றில் நேர் வால், மற்றதில் கிளை பிரிந்த வால். வழக்கமாக இந்தச் சங்கிலிகள் கருஊதா நிறத்தில்தான் அடுக்கி உட்காரும். பொறுமையாக உலரவிட்டால் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டு மஞ்சளாகும். அந்த அடுக்கு நிலைப்பது வாலைப் பொறுத்தது என்பது போக்னாவின் கட்சி. உலர்த்தும் விதம்தான் எல்லாம் என்றார்கள் மற்றவர்கள்.

அவள் பை எடுக்கப் போனாள். அடுத்த மேசையில் வேலை செய்யும் அவள் கணவன் ஜெமோவித், கண்ணாடியில் இன்னும் ஈரம் இருப்பதைப் பார்த்தான். பாவம், ரயிலுக்கு நேரமாகுதே என்று இரண்டையும் தூக்கிச் சூட்டடுப்பில் வைத்தான். அங்கே யார் படலம் போட்டாலும் அடுத்து சூடு காட்டுவதுதான் வேலை. கை தானாகப் போய்விட்டது.

ஒரு துண்டு கண்ணெதிரே கருஊதாவாகக் கறுத்தது.

"என்னடா பண்ற அங்க?" வாசலில் போக்னா.

"உனக்கு உதவி பண்ணலாம்னு..."

"அடப்பாவி! தூங்குற குழந்தையப் பாக்குற மாதிரி காத்து வச்சிருந்தேன்டா!"

"திட்டு தாயே. அந்தக் கேக்கை மட்டும் தூக்கி என் மூஞ்சில அடிச்சிராத."

"உன் மூஞ்சிக்குக் கேக் ஒரு கேடா?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவன் இடுக்கியால் துண்டுகளை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"போக்னா, இங்க வா. இது மாறவே இல்ல."

கிளை வால் துண்டு மஞ்சளாகவே இருந்தது. அவள் மூக்கு முட்டக் குனிந்தாள்.

"ஒரே சூடுதான காட்டுன?"

"ரெண்டுக்கும் ஒரே அடுப்பு, ஒரே நேரம்."

"அப்ப வால்தான்டா! கிளை கிளையா கோத்துக்கிட்டு விடமாட்டேங்குது!" என்று அவன் தோளில் குத்தினாள். உடனே நிதானித்தாள். "கண்ணு சொன்னா போதாது. எக்ஸ்ரே சொல்லணும்."

கறுத்ததையும் மஞ்சளையும் சேர்த்தே பெட்டியில் வைத்தாள். அவன் கேக் துண்டைத் தாளில் சுற்றி அவள் பைக்குள் திணித்தான். படியிறங்கப் போனவள் திரும்பி வந்து அவன் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் சூடு பண்ணாத. சூப்பக்கூட ஆறினதாவே குடி."